ஈரநெஞ்சத்தின் திடீர் நிகழ்ச்சிகள்

"ஏம்மா மகாலட்சுமி, நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு நான் எங்க போயி முள்ளு வெட்டணும்?"

போனில் கேட்டவர் தலைவர். மகாலட்சுமி இட்லிக் கொப்பரை மூடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, ஆவிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாகத் தலைவர் அவளிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார். பேனரில் என் படம் ஏன் சிறுத்திருக்கிறது, மாலை ஏன் வாடியிருக்கிறது, கைதட்டல் ஏன் இரண்டு நொடி தாமதம். முள்ளைப் பற்றி இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

"என்ன முள்ளு சார்?"

"அதைத்தான நானும் கேக்கேன்? புது போன்ல மணி அடிச்சுது. எடுத்துப் பாத்தா, 'வியாழன், காலை ஏழு மணி, முள்ளு வெட்டணும்.' அம்புட்டுதான் போட்டிருக்கு. என் நிகழ்ச்சியெல்லாம் இதுல ஏத்துறது நீதான?"

ஏற்றுவது அவள்தான். ஆனால் இதை அவள் ஏற்றவில்லை. கொப்பரை மூடி கைநழுவி, அடுப்பங்கரை முழுக்க உருண்டு ஓய்ந்தது.

"என்னம்மா சத்தம்?"

"பூனை சார்."

ராஜபாளையம் ஈரநெஞ்சம் அறக்கட்டளையின் நிறுவனர், தலைவர், பொருளாளர், சிறப்புரையாளர் எல்லாமே சீனிச்சாமிதான். பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் வைத்திருந்தார். ஊரார் காயத்தில் வளர்ந்த மனிதர் என்பதால் ஊருக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று ஐம்பத்தைந்தாம் வயதில் அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து ஊருக்கு ஓய்வில்லை.

போன மாதம் அவர் தொடங்கியது 'பழைய போன், புதிய வாழ்வு' திட்டம். வசதி உள்ளவர்கள் ஒதுக்கிவிட்ட டச் போன்களை வாங்கி, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தனியாக இருக்கிற பெண்களுக்கும் கொடுப்பது. முதல் போனாகத் தன் சொந்த போனையே மேடையில் முத்தமிட்டுப் பெட்டிக்குள் போட்டார் தலைவர். அன்று மாலையே அதைவிடப் பெரிய போன் ஒன்றை வாங்கிக்கொண்டார். "தியாகம் பண்ணினவனுக்கு ஆண்டவன் கொடுத்துட்டான் பாத்தியா?" என்று பில்லையும் காட்டினார்.

பெட்டி ஒரு வாரம் தலைவர் வீட்டு மாடியில் இருந்தது. மகாலட்சுமி அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு போனாக எடுத்து, பழைய முதலாளியின் சுவடு இல்லாமல் அழித்து, பரிசுத்தாள் சுற்றினாள். மொத்தம் அறுபத்திரண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் வைத்து அறுபத்திரண்டு பேருக்கும் கொடுத்து முடித்தார்கள்.

"என் போனை நல்லா அழிச்சிட்டியாம்மா? அதுல இருந்து ஒரு எழுத்து வெளிய போச்சு, நீயும் வெளிய போயிருவே" என்று அன்றே சொல்லியிருந்தார் தலைவர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவளுக்கு முன்னால் அறக்கட்டளை அலுவலகத்தில் அவள் வேலையைப் பார்த்த பாண்டிதுரையையும் அவர் சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார். கன்றுக்குட்டி வழங்கும் விழா நோட்டீஸில் தலைவரைவிடக் கன்றுக்குட்டி பெரிதாக அச்சாகிவிட்டது. அதுதான் பாண்டிதுரை செய்த குற்றம்.

மகாலட்சுமிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தலைவரின் பழைய போன் சரியாக அழியவில்லை. இன்னும் அவர் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கிய யாரோ ஒருத்தி தன் ஞாபகத்துக்காக முள் வெட்டணும் என்று குறித்து வைக்கப்போக, அது தலைவரின் புது போனில் வந்து மணி அடிக்கிறது.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மகாலட்சுமி உருண்டு கிடந்த மூடியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"எங்க ஊர்தான் சார். வன்னியம்பட்டிக் கண்மாய்க்கரை. சீமைக்கருவேல ஒழிப்பு முகாம். உங்களுக்குத் தெரியாம ஏற்பாடு பண்ணி அசத்தலாம்னு..."



"போட்டோக்காரன் வாரானா?"

"வாரான் சார்."

"அப்ப சரி."

போட்டோ, வீடியோ, பேனர் மூன்றுக்கும் அறக்கட்டளைக்கு இருந்த ஒரே ஆள் விஜயபாண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வைத்திருந்தான்.

"எக்கா, காலையில முகாமுக்கு இப்ப வந்து பேனர் கேட்டா நான் எங்க போவேன்? ரத்ததான பேனர் ஒண்ணு கெடக்கு. 'ரத்ததான'ங்கிறதுக்கு மேல 'முள் ஒழிப்பு'ன்னு ஒட்டித் தாரேன். ஓரத்துல ரத்தம் சொட்டும். கண்டுக்காதீக."

"சொட்டட்டும். முள்ளு குத்துனா ரத்தம்தான வரும்?"

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குத் தலைவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு கண்மாய்க்கரையில் இறங்கினார். அரிவாளை வாங்கினார். எந்தப் பக்கம் வெட்டும் என்று பார்த்துக்கொண்டார். மூன்று குச்சி வெட்டினார். நாலாவது குச்சி அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. இரண்டு பேர் குனிந்து எடுத்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் தலைவர் காலில் விழுவதாக மறுநாள் பேப்பரில் படம் வந்தது.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருளப்பசாமி மட்டும் மகாலட்சுமியிடம் மெதுவாகக் கேட்டார். "ஏத்தா, இவியளுக்கு ஏதும் வேண்டுதலா?"

"ஆமா மாமா. எனக்கு."

தலைவருக்கு ஒரே சந்தோஷம். காரில் ஏறும்போது சொன்னார். "திடீர்னு கூப்பிட்ட பாரு, அதுதான் நல்லா இருந்துச்சு. பத்து நாளைக்கு முன்னால சொன்னா மனுசனுக்குச் சேவை பண்ற ஆசையே போயிருது. இனிமே இப்படியே போடு."

மகாலட்சுமி அன்றே விநியோகப் பதிவேட்டைப் புரட்டினாள். முதல் எண் போன், மம்சாபுரம் மாரிக்கனி. ஸ்கூட்டியை எடுத்தாள்.

மாரிக்கனி வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி அளவு போன் ஒன்றைச் சேலை முந்தியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் போன்.

"மாரிக்கனி, அன்னைக்கு மண்டபத்துல கொடுத்தோமே, அந்த போன் எங்க?"

"இதான்க்கா."

"இது இல்லம்மா. பெரிசு. தேய்ச்சாப் படம் மாறும்."

"தலைவர் கையால தந்ததை வீட்டுல வந்து பிரிச்சா இதுதான் இருந்துச்சு. நானும் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் பாக்கேன், ஒண்ணும் மாறல. ஆனா டார்ச் அம்புட்டு நல்லா எரியுதுக்கா. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீக."

பரிசுத்தாள் சுற்றும்போது பொட்டலம் மாறிவிட்டது போலிருக்கிறது. அப்படியானால் தலைவர் போன் மீதி அறுபத்தொரு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் இருக்கலாம். மகாலட்சுமி நெற்றியைத் தடவியபோது அவள் போன் அடித்தது.

"ஏம்மா, சனிக்கிழமை பத்து மணிக்குத் தண்ணித் தொட்டி கழுவணும்னு போட்டிருக்கியே, உள்ள எறங்கியா, வெளிய நின்னா?"

மகாலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். தெருமுக்கில் நாலு கால் மேடையில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி உட்கார்ந்திருந்தது.

"மம்சாபுரம் சார். உள்ள எறங்கித்தான்."

"நெனைச்சேன். வெளிய நின்னு கழுவுறதுல என்ன சேவை இருக்கு?"

சனிக்கிழமை தலைவர் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் இறங்கினார். இறங்குவது எளிதாகத்தான் இருந்தது. தொட்டியின் வாய் அவர் தோளுக்குச் சரியாக இருந்ததே தவிர வயிற்றைக் கலந்தாலோசிக்கவில்லை. ஏறும்போதுதான் அது தெரிந்தது. ஆட்கள் ஓடிப்போய்க் கயிறும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவருவதற்குள் சும்மா இருப்பானேன் என்று தலைவர் உள்ளிருந்தபடியே சிறப்புரையைத் தொடங்கிவிட்டார். தன் குரல் எவ்வளவு கம்பீரமானது என்று அவர் நாற்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாரோ, அவ்வளவு கம்பீரமாக அது அன்றைக்குத்தான் கேட்டது. வடக்குத்தெரு வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள்.

"எக்கா, தலைவர் முகம் தெரியலையே, எதைப் படம் எடுக்க?" என்றான் விஜயபாண்டி.

"கை தெரியுதுல்ல? அதை எடு. கும்பிடுற மாதிரி இருக்கும்."

"கும்பிடல எக்கா. தூக்கச் சொல்லி ஆட்டுதாரு."

அன்று சாயங்காலம் மகாலட்சுமி ராஜபாளையத்தில் செல்போன் கடை சோலைராஜிடம் போய் விஷயத்தை முழுக்கச் சொன்னாள், பெயர்களை மட்டும் விட்டுவிட்டு.

"யாரு, சீனிச்சாமி அண்ணாச்சியா?" என்றான் சோலைராஜ். "லேசான வேலைக்கா. அவிய புது போனை ரெண்டு நிமிசம் கையில வாங்குங்க. அதுல இருந்தே பழைய போனை வெளிய தள்ளிரலாம். இந்தா, இதைத் தொடணும், பொறவு இதை."

"அவிய குளிக்கும்போதுகூட வெளியே இருந்து ஒருத்தன் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கான் சோலைராஜு."

"அப்ப அந்தப் பழைய போனைக் கண்டுபிடிங்க."

அவள் அதற்கும் ஒரு வழி கண்டாள். பயனாளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள். 'வழங்கப்பட்ட போன்களில் ஒன்றில் சிறு கோளாறு உள்ளது. நிகழ்ச்சி குறிப்பதில் பழைய பெயர் காட்டும் போன் யாரிடம் இருக்கிறதோ, அவருக்குப் புத்தம் புதிய போன் மாற்றித் தரப்படும்.'

அனுப்பியதும் அவளுக்கே தன் புத்தியை மெச்சத் தோன்றியது. 'என் போன்தான்க்கா' என்று பதில்கள் குவியத் தொடங்கும் வரை அந்த மகிழ்ச்சி பன்னிரண்டு நிமிஷம் நீடித்தது.

புதன்கிழமை காலை அறக்கட்டளை அலுவலக வாசலில் அறுபத்தொரு பேர் நின்றார்கள். அறுபத்தொரு போனிலும் அந்தக் கோளாறு இருந்தது. சிலருடையதில் கூடுதலாகவும் இருந்தது. ஆலங்குளத்துப் பெண் ஒருத்தி வரும் வழியில் பஸ்ஸிலேயே தன் போனைக் கீழே போட்டு உடைத்துக்கொண்டு வந்திருந்தாள். மாரிக்கனி மட்டும் வரவில்லை. அவளுடைய போனில் வாட்ஸ்அப் கிடையாது.

"புது போன் எப்ப தாரீக?"

"வரிசையில வாங்க. எனக்கு முன்னால ஏட்டி எங்க நுழையுதே?"

அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கார் வந்து நின்றது. கூட்டத்தைப் பார்த்தார். கண் கலங்கியது.

"பாத்தியா மகாலட்சுமி! முள்ளு வெட்டுனதையும் தொட்டி கழுவுனதையும் பேப்பர்ல பாத்துட்டு நன்றி சொல்ல வந்திருக்காக. நான் கூப்பிட்டனா? நீ கூப்பிட்டியா?"

"நான் கூப்பிடல சார்" என்றாள்.

தலைவர் வாசற்படியில் ஏறி நின்றார். ஒலிபெருக்கி தானாக முளைத்தது. கையை வீசிப் பேச வசதியாக இருக்கட்டும் என்று பக்கத்தில் நின்ற மகாலட்சுமியிடம் எதையோ நீட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். போன்! புது போன்! நாலு நாளாக அவள் ஏங்கிய இரண்டு நிமிஷம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்திருந்தது.

சோலைராஜ் சொன்னதைத் தொட்டாள். அடுத்ததைத் தொடப் போனாள். போன் கைக்குள்ளேயே மணி அடித்தது.

'ஞாயிறு, காலை ஆறு மணி, மொட்டை.'

"மொட்டையா!" என்றான் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த விஜயபாண்டி. அவன் கையில் இரண்டாவது மைக் இருந்தது. அது உயிரோடும் இருந்தது.

அறுபத்தொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் பேச்சை நிறுத்தினார்.

"யாருக்கு மொட்டை?"

மகாலட்சுமி வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்கும் தெரியாது.

"புற்றுநோய் வந்தவங்களுக்கு முடி தானம் சார். விக்கு செய்யக் கொடுக்கிறது. தலைவர்தான் முதல் ஆளு."

தலைவரின் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. அங்கே இருந்தது பின்மண்டையைச் சுற்றி ஒரு வேலி. அந்த வேலிக்கு அவர் வாரம் தவறாமல் சாயம் பூசி, சீவி, நடுவில் இருந்த பொட்டலுக்கு அதை அனுப்பி வைத்து எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். "ஏம்மா, இதுல எப்படி விக்கு..." என்று தொடங்கினார்.

அதற்குள் கூட்டத்தில் ஒருத்தி கைதட்டிவிட்டாள். கைதட்டல் என்றால் தலைவருக்கு உடம்பே தனி. அறுபத்தொரு ஜோடிக் கைகள் சேர்ந்தபோது அவர் தலை தானாக ஆடி ஒப்புக்கொண்டது. "என் நிகழ்ச்சி இனிமே என் கையிலயே இருக்கட்டும்" என்று போனை வெடுக்கென்று வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில், மேளதாளத்தோடு, தலைவர் மொட்டை போட்டுக்கொண்டார். விழுந்த முடியை ஒரு தாம்பாளத்தில் வைத்து மேடையில் சுற்றிவந்தார்கள். தாம்பாளம்தான் தெரிந்தது. தோளில் போட்டிருந்த வெள்ளைத் துண்டில் கறுப்புச் சாயம் இறங்கியிருந்தது. தலைவர் உண்மையிலேயே அழுதார். விஜயபாண்டி அதை நெருக்கத்தில் எடுத்து 'கருணையின் கண்ணீர்' என்று தலைப்புப் போட்டான்.

சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டு அவர் நாற்காலியில் சாய்ந்தபோது பைக்குள் மணி அடித்தது. எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மகாலட்சுமி, இங்க வா. இதை என்ன நெனைச்சும்மா போட்டே?"

'புதன், காலை பத்து மணி, மன்னிப்பு கேக்கணும்.'

எவளோ ஒரு புண்ணியவதி, யாரிடமோ எதற்கோ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று குறித்திருக்கிறாள். அது வந்து விழுந்த இடம், ஐம்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தச் சொல் புறப்பட்டிராத வாய்.

"நான் யாருகிட்டம்மா மன்னிப்புக் கேக்கணும்?"

அவளுக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது. பத்து நாளில் இருந்த கையிருப்பு அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவள் மூச்சை இழுத்தபோது விஜயபாண்டி முந்திக்கொண்டான்.

"மக்கள்கிட்ட தலைவரே! தப்பே பண்ணாதவுக வந்து மன்னிப்புக் கேட்டா அதுக்கு மரியாதையே தனி. தப்புப் பண்ணினவன் கேட்டா எவன் பாப்பான்?"

தலைவர் யோசித்தார். மொட்டைத் தலை மெல்ல மெல்ல ஒளி பெற்றது.

"இந்த ஊர்ல இதுவரைக்கும் யாராச்சும் மன்னிப்பு விழா எடுத்திருக்கானா?"

"ஒரு பய எடுத்ததில்ல தலைவரே."

புதன்கிழமை பத்து மணிக்கு அதே மண்டபத்தில் 'மாபெரும் மன்னிப்புப் பெருவிழா' நடந்தது. ஐந்நூறு பேர். எலுமிச்சைச் சாதமும் உண்டு. தலைவர் மைக்கைப் பிடித்தார். முதல் மன்னிப்பு மட்டும் தொண்டையில் கொஞ்சம் சிக்கியது. அதன்பிறகு மழைதான்.

இத்தனை காலம் இவ்வளவு நல்லவனாக இருந்தும் அதை ஊருக்கு முழுசாகத் தெரியப்படுத்தாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். வெட்டிய முள்மரத்திடம் மன்னிப்புக் கேட்டார். காரில் போகும்போது குரைக்கவிட்டுத் தாண்டிப்போன ராஜபாளையத்து நாய்களிடம் கேட்டார். இதுவரை பிறந்தவர்களிடமும் இனிப் பிறக்கப்போகிறவர்களிடமும், அவர்களை நேரில் வந்து பார்க்க முடியாமல் போனதற்காகக் கேட்டார். மைக்செட்காரரிடம் கேட்டார். அவர் பதறிப்போய்ச் சத்தத்தைக் கூட்டினார்.

மூன்றாவது வரிசையில் பாண்டிதுரை உட்கார்ந்திருந்தான். கன்றுக்குட்டிப் பாண்டிதுரை. தலைவர் கண் தன் பக்கம் திரும்பியபோது பாதி எழுந்துகூட விட்டான். தலைவர் அவனைப் பார்த்தார். "மண்டபத்தில் உட்கார இடமில்லாமல் நிற்கிறவர்களிடமும் மன்னிப்பு" என்று சொல்லிவிட்டு நாலாவது வரிசைக்குப் போய்விட்டார்.

ஊரே உருகிவிட்டது. ஒரு கிழவர் மேடையேறி, தானும் யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லி அழுதார்.

மகாலட்சுமி மட்டும் எலுமிச்சைச் சாதத்தைத் தொடவில்லை. முள், தொட்டி, மொட்டை, மன்னிப்பு. அடுத்தது 'கெணத்துல எறங்கணும்' என்று வந்தால் இந்த மனிதர் இறங்கிவிடுவார். வேலை போனாலும் போகட்டும், கொலைக் கேஸ் வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

மறுநாள் காலை தலைவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் கார் இல்லை.

"வா மகாலட்சுமி. அவிய படம் வந்த பேப்பரையெல்லாம் பொறுக்கப் போயிருக்காவ" என்றபடி எட்டிப் பார்த்தார் தலைவரின் மனைவி அங்காளம்மாள். "பின்கட்டுக்கு வந்திரு. முன்ரூம் பூராவும் மாலையா கெடக்கு, உக்கார எடமில்ல."

மகாலட்சுமி அவர் பின்னால் நடந்தாள். இந்த வீட்டு மாடிக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள், கொல்லைப்பக்கம் வந்ததில்லை. துவைக்கிற கல்லுக்குப் போகிற வழியை மறித்துக்கொண்டு சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அவள் சேலையை ஒரு முள் பிடித்து இழுத்தது. அதை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் தண்ணீர்த் தொட்டி. விளிம்பு வரை பச்சைப்பசேலென்று பாசி. மேலே ஒரு காக்கை உட்கார்ந்து, குடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"அக்கா, உங்ககிட்டயே சொல்லிருதேன். அப்புறமா நீங்களே சார்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அந்தப் பழைய போனு..."

"நானும் போன் விசயமாத்தான் ஒன்னைப் பாக்கணும்னு இருந்தேன். செத்த இரு."

அங்காளம்மாள் உள்ளே போய் உளுந்து டின்னைத் திறந்து, கைவிட்டு எதையோ எடுத்து, ஊதிக்கொண்டே வந்தார். நாலு உளுந்து உருண்டு விழுந்தது. கையில் இருந்தது தலைவரின் பழைய போன்.

மகாலட்சுமி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எப்படிக்கா உங்ககிட்ட?"

"மாடியில பெட்டிக்குள்ள கெடந்துச்சு. தாளைப் பிரிச்சு இதை எடுத்துக்கிட்டு, என் பொத்தான் போனை உள்ள வச்சு மறுபடி சுத்திட்டேன். ஒனக்கு எண்ணிக்கை சரியா இருக்கணும்ல?"

"அக்கா!"

"தனியா கெடக்கிற பொம்பளைகளுக்குத்தான கொடுத்தீக? நானும் விடிஞ்சா அடைஞ்சா இங்க தனியாத்தான் கெடக்கேன்."

மகாலட்சுமிக்கு முதலில் தோன்றியது தன் வேலைதான். ஒரு எழுத்தும் வெளியே போகவில்லை. போன் இந்த வீட்டு வாசற்படியைக்கூடத் தாண்டவில்லை. பதினைந்து நாளாக இறங்காத மூச்சு ஒன்று இறங்கியது. பிறகு முள்மரத்தைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள்.

"அப்ப... அந்த மொட்டை?"

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டது. அவியளுக்கு நெஞ்சுவலி வந்தப்ப. ஆறு வருசமா இழுத்தடிச்சாவ. இப்ப தாம்பாளத்துல கொண்டு போயி யாருக்கோ கொடுத்துட்டு வந்துட்டாவ. இனி அது மொளைச்சு, நான் கூட்டிட்டுப் போயி..." அங்காளம்மாள் பெருமூச்சு விட்டார். "முப்பத்திரண்டு வருசமா வாயால சொல்லிப் பாத்தேன், காதுல ஏறல. இதுல அந்த மைக்குப் படத்தை அமுக்கிச் சொன்னா மறுநாளே வேட்டியை மடிச்சுக் கட்டிருதாவ. சரி, இனி நல்லகாலம்னு இருந்தேன்."

காக்கை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

"நேத்து மண்டபத்துல நாய்கிட்டக்கூட மன்னிப்புக் கேட்டாவளாமே?"

"ஆமாக்கா."

அங்காளம்மாள் போனை அவள் மடியில் வைத்தார்.

"'எங்கிட்ட'ன்னு இதுல எப்படித் தாயி போடணும்?"